படக் கோப்புறைகளை மொத்தமாக பிடிஎஃப் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வீட்டுச் சாமான்களோடு பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பறிகொடுத்தவர்கள் ஏராளம். முக்கியமான தாள்களைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று பலருக்கும் இருக்கிறது. படமெடுத்த பிறகுதான் திகைப்பு தொடங்குகிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பழைய மாத இதழ்களை ஸ்கேன் செய்கிறவர்கள், தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள், வழக்குக் கட்டுகளைச் சுமக்கும் இளம் வழக்கறிஞர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கோப்புறை கோப்புறையாகக் குவிந்து கிடக்கும் படங்களை, ஒரு கோப்புறைக்கு ஒரு பிடிஎஃப் என்ற கணக்கில், ஒரே மூச்சில் எப்படி மாற்றுவது? ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) வழியாக அதைச் செய்யும்போது எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்; பெயருக்கு நடுவே நான் இடைவெளி விட்டிருந்தால் அங்கே இடைவெளிக்குப் பதில் சிறுகோடு போடுங்கள்.

இலவசமாக மாற்றித் தரும் இணையதளங்கள் இருக்கும்போது ஸ்கிரிப்ட் எதற்கு?

பத்துப் படம் என்றால் எதுவும் தேவையில்லை. கைப்பேசிச் செயலியே போதும். நூறு கோப்புறை, ஒவ்வொன்றிலும் அறுபது எழுபது பக்கம் என்று வரும்போது கையால் செய்வது நடக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கிரயப் பத்திரமும் ஆதார் அட்டையும் மருத்துவ அறிக்கையும் யாரென்று தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. ஸ்கிரிப்ட் உங்கள் கணினியிலேயே ஓடுகிறது. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும் ஓட்டலாம். குடும்ப ஆவணங்களைப் பொறுத்தவரை இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது? எல்லோரும் இமேஜ்மேஜிக் என்கிறார்களே?

இமேஜ்மேஜிக் மிக நல்ல கருவி. படத்தை வெட்ட, திருப்ப, வெளுப்பாக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் ஜேபெக் படங்களைத் தொகுத்து பிடிஎஃப் ஆக்குவதற்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற பைத்தான் நிரல் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

காரணம் இது. ஜேபெக் கோப்பை அப்படியே உள்ளே வைத்துக்கொள்ளும் வசதி பிடிஎஃப் வடிவத்திலேயே இருக்கிறது. ஐஎம்ஜி2பிடிஎஃப் அதைத்தான் செய்கிறது. படத்தின் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை. பைண்டிங் கடைக்காரர் நீங்கள் கொடுத்த தாள்களை அடுக்கித் தைத்துத் தருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இமேஜ்மேஜிக் ஒவ்வொரு தாளையும் பார்த்து மறுபடி அச்சடித்துத் தைக்கிறது. படத்தை முழுவதும் விரித்து, மீண்டும் சுருக்கி எழுதுகிறது. ஜேபெக் என்பது ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் தகவலை இழக்கும் வடிவம். பழைய அச்சின் மெல்லிய கோடுகளில் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியும்.

நினைவகச் சிக்கலும் இருக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480 பெருக்கல் 3508 பிக்சல். அதாவது ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். இமேஜ்மேஜிக் வழக்கமான அமைப்பில் ஒரு புள்ளிக்கு 8 பைட் எடுத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 70 எம்பி வருகிறது. 300 பக்கப் புத்தகத்தை ஒரே கட்டளையில் கொடுத்தால் 21 ஜிபி. வீட்டு மடிக்கணினி திணறி நின்றுவிடும், அல்லது 'கேஷ் ரிசோர்சஸ் எக்ஸாஸ்டட்' என்று பிழை காட்டும். ஐஎம்ஜி2பிடிஎஃப் படத்தை விரிப்பதே இல்லை என்பதால் அதே புத்தகம் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

எப்படி நிறுவுவது?

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் என்றால் ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை வழியாக ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற பெயரிலேயே கிடைக்கும். மேக் கணினியில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவி. விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை இயக்கி, அதற்குள் உபுண்டுவை நிறுவிக்கொள்ளலாம். சி டிரைவ் அதற்குள் எம்என்டி என்ற கோப்புறைக்குள் சி என்ற பெயரில் தெரியும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஸ்கேன் வேலைக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது? வரி வரியாகச் சொல்ல முடியுமா?

முதலில் கோப்புறை அமைப்பு. 'ஸ்கேன்' என்று ஒரு பெரிய கோப்புறை. அதற்குள் ஒவ்வொரு இதழுக்கும், ஒவ்வொரு நோட்டுக்கும் தனித்தனிக் கோப்புறை. பிடிஎஃப் எல்லாம் போய்ச் சேர 'வெளியீடு' என்று முற்றிலும் வேறொரு கோப்புறை. மூலப் படங்கள் இருக்கும் இடத்தில் ஸ்கிரிப்ட் எதையும் எழுதக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற தவறுகளையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் பேஷ் ஷெல்லைக் (கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல்) குறிப்பிடுங்கள். அடுத்த வரியில் 'செட்' கட்டளையுடன் சிறுகோடு யூ: மதிப்புத் தரப்படாத மாறி (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயர்) ஏதாவது இருந்தால் ஸ்கிரிப்ட் உடனே நின்றுவிடும். அதற்கடுத்து 'ஷாப்ட்' கட்டளையால் நல்குளோப், நோகேஸ்குளோப் இரண்டையும் இயக்குங்கள். முதலாவது இல்லாவிட்டால், ஜேபெக் படமே இல்லாத கோப்புறைக்குள் நுழையும்போது பேஷ் 'நட்சத்திரக்குறி புள்ளி ஜேபிஜி' (ஜேபிஜி என்று முடியும் எல்லாப் பெயரும் என்று பொருள்) என்பதையே ஒரு கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு நிரலிடம் கொடுத்துவிடும். இரண்டாவது, பெயரின் இறுதியில் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருந்தாலும் சிறிய எழுத்தில் இருந்தாலும் ஒன்றாகக் கருதும். கேமராக்கள் பெரிய எழுத்திலும் கைப்பேசிகள் சிறிய எழுத்திலும் பெயரிடுவதால் இது மிகவும் தேவை.

பிறகு 'ஃபார்' சுழல். ஸ்கேன் கோப்புறைக்குள் நட்சத்திரக்குறி, அதை அடுத்து ஒரு சாய்கோடு. அந்தச் சாய்கோடு இருந்தால் கோப்புறைகள் மட்டும் வரும். தனிக் கோப்புகள் வராது. சுழலுக்குள் நடக்க வேண்டியது இது: 'பேஸ்நேம்' கட்டளையால் கோப்புறையின் பெயரை எடு, அந்தப் பெயரில் வெளியீடு கோப்புறையில் ஏற்கெனவே பிடிஎஃப் இருந்தால் 'கன்டினியூ' சொல்லித் தாண்டிப் போ, இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களை ஒரு வரிசைமாறியில் சேர், அது காலியாக இருந்தால் பிழைப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டுத் தாண்டிப் போ, காலியாக இல்லாவிட்டால் ஐஎம்ஜி2பிடிஎஃப் நிரலிடம் கொடு.

இங்கே ஒரு நுணுக்கம். பிடிஎஃப்பை இறுதிப் பெயரில் நேரடியாக எழுதாதீர்கள். பெயரின் இறுதியில் 'பார்ட்' என்று சேர்த்து எழுதவிட்டு, நிரல் வெற்றியோடு முடிந்த பிறகு 'எம்வி' கட்டளையால் சரியான பெயருக்கு மாற்றுங்கள். மழை நாளில் மின்சாரம் போனால் பாதியில் நின்ற கோப்பு 'பார்ட்' என்ற பெயரோடு கிடக்கும். அடுத்த முறை ஸ்கிரிப்டை ஓட்டும்போது முடிந்தவற்றைத் தாண்டி, விட்ட இடத்திலிருந்து அது தொடரும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அரைகுறை பிடிஎஃப் ஒன்று முழுமையானதுபோல வெளியீட்டில் உட்கார்ந்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து யாராவது திறந்து பார்க்கும்போதுதான் தெரியவரும்.

ஒரு கோப்புறையில் பிழை வந்தால் மொத்த வேலையும் நிற்க வேண்டாம் என்று நினைத்தால், நிரலை 'இஃப்' நிபந்தனைக்குள் வைத்து, தோற்ற கோப்புறையின் பெயரை ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். இரவில் ஓடவிட்டுக் காலையில் அந்தப் பதிவை மட்டும் பார்த்தால் போதும். எழுதி முடித்ததும் 'ஷெல்செக்' என்ற கருவியில் ஸ்கிரிப்டைக் கொடுத்துப் பாருங்கள். விட்டுப்போன மேற்கோள் குறிகளை அது வரி எண்ணோடு சொல்லிவிடும்.

பக்கம் 1க்குப் பிறகு 10 வருகிறது. 2 எங்கேயோ பின்னால் இருக்கிறது. ஏன்?

ஷெல் பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது, எண்ணாக அல்ல. எனவே 1, 10, 11, 2 என்று வரிசைப்படுத்தும். நிரந்தரத் தீர்வு, எண்களுக்கு முன்னால் பூச்சியம் சேர்த்து 0001, 0002 என்று பெயரிடுவது. ஸ்கேனர் மென்பொருளிலேயே இப்படி அமைத்துக்கொள்ளலாம். படங்கள் ஏற்கெனவே இருந்தால் 'பிரின்ட்எஃப்' கட்டளையில் நான்கு இலக்க அமைப்பைக் கொடுத்து, நகல்களுக்குப் புதுப் பெயர் வைக்கலாம். பெயரைத் தொட விருப்பமில்லை என்றால் 'சார்ட்' கட்டளைக்குச் சிறுகோடு பெரிய எழுத்து வி கொடுங்கள். எண் வரிசையில் அடுக்கித் தரும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் படத்தின் பெயரிலேயே நாளும் நேரமும் இருப்பதால் எடுத்த வரிசையிலேயே அமைந்துவிடும். நடுவில் ஒரு பக்கத்தை மறுபடி எடுத்திருந்தால் மட்டும் அது கடைசிக்குப் போயிருக்கும், கவனியுங்கள்.

பெயரில் இடைவெளி இருக்கும் கோப்புறைகளில் பிழை வருகிறது.

மாறியைப் பயன்படுத்தும் இடத்தில் எல்லாம் இரட்டை மேற்கோள் போடுங்கள். 'பழைய கணக்கு 1962' என்ற கோப்புறையை மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் ஷெல் அதை மூன்று தனிப் பெயர்களாகப் பிரித்துவிடும். இதற்கு வேறு மருந்து இல்லை.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். தாத்தாவின் நோட்டுக்கு ஏன் ஆங்கிலத்தில் பெயர்? லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றும் யூனிகோடு தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்கின்றன. ஷெல்லும் தமிழைக் கண்டு மிரள்வதில்லை. ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

முதலாவது, நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட் எடுக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறிகள். 'சென்னை' என்ற மூன்றெழுத்துக்கு 18 பைட். 'மயிலாப்பூர்' என்ற ஆறெழுத்துக்கு 33 பைட். இதழின் பெயர், ஆசிரியர், மாதம், ஆண்டு, மலர், இதழ் எண் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்தால் 'ஃபைல் நேம் டூ லாங்' என்று பிழை வரும். ஆங்கிலத்தில் ஒருபோதும் சந்திக்காத இந்தப் பிழையைத் தமிழில் எளிதாகச் சந்திப்போம்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந எழுத்தை அடுத்து இருக்கிறது; ற என்பது ர எழுத்தை அடுத்து இருக்கிறது; ள, ழ இரண்டும் வ எழுத்துக்கு முன்னால். நம் நெடுங்கணக்கு வரிசை அதுவல்ல. கணினியைக் குறி எண்படி வரிசைப்படுத்தச் சொன்னால் அகராதி வரிசை கிடைக்காது. அதனால் பக்க வரிசையை எழுத்தின் மேல் சுமத்தாமல், முன்னால் எண்ணும் பின்னால் பெயருமாக வையுங்கள்.

மூன்றாவதுதான் ஆளையே குழப்பிவிடும். 'கோட்டூர்புரம்' என்ற பெயரில் ஒரு கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது. அதே பெயரைத் தட்டினால் 'அப்படி ஒன்று இல்லை' என்கிறது கணினி. 'கோ' என்ற எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்க முடியும்: க எழுத்தோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க எழுத்தோடு இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 2017க்கு முற்பட்ட மேக் வட்டுகள் இரண்டாம் வகையில் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து பென் டிரைவில் வந்த ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்கள் எல்லாம் லினக்ஸில் இப்படிச் சண்டை போடும். 'கான்வ்எம்வி' என்ற கருவிக்கு இரண்டு சிறுகோடு என்எஃப்சி கொடுத்தால் எல்லாவற்றையும் முதல் வகைக்கு மாற்றிவிடும். அது முதலில் என்ன மாற்றப்போகிறது என்பதை மட்டும் காட்டும். 'நோடெஸ்ட்' என்று சேர்த்த பிறகே உண்மையில் மாற்றும். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

பக்கங்கள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன.

கைப்பேசியைச் சாய்த்து எடுத்தால் படம் திரும்புவதில்லை; 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் எக்சிஃப் தகவலில் (படத்தோடு கேமரா சேர்த்து எழுதும் விவரங்கள்) பதிவாகிறது. ஐஎம்ஜி2பிடிஎஃப் அந்தக் குறிப்பைப் படித்துப் பக்கத்தைத் திருப்பிவிடும். குறிப்பில் செல்லாத எண் இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது 'ரொடேஷன்' தேர்வுக்கு 'இஃப்வேலிட்' என்ற மதிப்பைக் கொடுங்கள். மேசை மேல் தாளை விரித்து நேர் மேலிருந்து எடுக்கும்போதுதான் கைப்பேசிக்குத் திசை குழம்புகிறது. அத்தகைய படங்களின் நகலை 'எக்சிஃப்டிரான்' கருவியால் தரம் குறையாமல் திருப்பிக்கொள்ளலாம்.

பிடிஎஃப் பக்கம் ராட்சத அளவில் இருக்கிறது. அச்சடிக்கும்போது ஒரு மூலை மட்டும் வருகிறது.

அளவு சொல்லாவிட்டால், படத்துக்குள் எழுதியிருக்கும் டிபிஐ எண்ணை நம்பி நிரல் பக்க அளவைக் கணக்கிடுகிறது. கைப்பேசிப் படங்களில் பெரும்பாலும் 72 என்று இருக்கும். 4000 பிக்சல் உயரப் படத்தை 72ஆல் வகுத்தால் பக்கம் 141 சென்டிமீட்டர் உயரமாகிவிடும். 'பேஜ்சைஸ்' தேர்வில் ஏ4 என்று கொடுங்கள். கூடவே 'ஆட்டோ ஓரியன்ட்' சேர்த்தால் அகலவாட்டுப் படத்துக்கு அகலவாட்டுப் பக்கம் கிடைக்கும். ஸ்கேனரில் எடுத்த படங்களுக்கு இது தேவையில்லை. அவற்றின் டிபிஐ உண்மையான எண். தாளின் அசல் அளவு அப்படியே பிடிஎஃப்பில் நிற்கும். பழைய இதழ்களுக்கு அந்த அசல் அளவும் ஒரு செய்திதான். ஏ4 என்று திணிக்காதீர்கள்.

ஆல்ஃபா சேனல் என்று பிழை வருகிறது. ஐபோன் படங்களும் ஏற்கப்படவில்லை.

இரண்டும் வேறு வேறு. பிஎன்ஜி படத்தில் ஒளிபுகும் அடுக்கு (அதுதான் ஆல்ஃபா சேனல்) இருந்தால் ஐஎம்ஜி2பிடிஎஃப் நிரலின் பழைய பதிப்புகள் மறுத்துவிடும். திரைப்பிடிப்புகளில் இது வரும். இமேஜ்மேஜிக் கொண்டு பின்னணியை வெள்ளையாக்கி ஆல்ஃபாவை நீக்கிய நகலைக் கொடுங்கள். ஐபோன் 2017 முதல் ஹெச்இஐசி வடிவத்தில் சேமிக்கிறது. 'ஹைஃப் கன்வெர்ட்' கருவியால் முதலில் ஜேபெக் ஆக்கிக்கொள்ள வேண்டும். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு, கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜேபெக்காகவே வரும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடுகிறது. உறவினரிடம் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

இமேஜ்மேஜிக் 'நாட் ஆதரைஸ்ட்' என்கிறது.

பிடிஎஃப்பைப் படிக்க இமேஜ்மேஜிக் நம்பியிருக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலில் 2018இல் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, டெபியன், உபுண்டு போன்றவை இமேஜ்மேஜிக்கின் பாலிசி கோப்பில் பிடிஎஃப்பை முடக்கின. அந்த வரியை அழித்துவிடு என்று பலரும் அறிவுரை சொல்வார்கள். படத்திலிருந்து பிடிஎஃப் செய்ய ஐஎம்ஜி2பிடிஎஃப் இருக்கும்போது அந்தக் கோப்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

பிடிஎஃப் மிகப் பெரிதாக இருக்கிறது. விண்ணப்பத்தில் 2 எம்பிக்குள் கேட்கிறார்கள்.

இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று காப்பகத்துக்கு, மற்றொன்று அனுப்புவதற்கு. காப்பகக் கோப்பைச் சுருக்கவே சுருக்காதீர்கள். அனுப்ப வேண்டியதை அதிலிருந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலம் தயாரிக்கலாம். 'பிடிஎஃப்செட்டிங்ஸ்' தேர்வில் (இந்தப் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுங்கள்) 'ஈபுக்' கொடுத்தால் படங்கள் 150 டிபிஐக்கு இறங்கும். 'ஸ்கிரீன்' கொடுத்தால் 72. தமிழ் ஆவணங்களுக்கு 72 வேண்டாம். 10 பாயின்ட் எழுத்து அப்போது 10 பிக்சல் உயரத்துக்குள் அடங்க வேண்டும். ண எழுத்தின் சுழிகளும் ன எழுத்தின் சுழிகளும் ஒன்றோடொன்று கரைந்துவிடும்.

கறுப்பு வெள்ளையாக மாற்றினால் கோப்பு பல மடங்கு சிறுக்கும் என்பது உண்மைதான். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்ற படத்தைக் கொடுத்தால் ஐஎம்ஜி2பிடிஎஃப் அதைத் தொலைநகல் காலத்து ஜி4 முறையில் இழப்பின்றிச் சுருக்கிவிடும். புதிய அச்சுக்கு இது அருமை. பழுப்பேறிய தாளுக்கு ஆபத்து. எந்த அளவு வெளுப்புக்கு மேல் வெள்ளை, எதற்குக் கீழ் கறுப்பு என்று ஒரு கோட்டைக் கிழிக்கும்போது மெய்யெழுத்துகளின் புள்ளிதான் முதலில் பறிபோகும். 'பட்டம்' என்பது 'படடம' ஆகிவிடும். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் தாளில் இருந்த கறைகள் எல்லாம் புள்ளிகளாகி எழுத்துகளின் தலையில் ஏறும். ஆங்கிலப் பக்கத்தை வைத்து எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. பழைய தாளுக்குச் சாம்பல் நிறமே சரி. 300 டிபிஐ, வண்ணம் வேண்டாம் என்று ஸ்கேனரிலேயே அமைத்தால் கோப்பும் கணிசமாகக் குறையும்.

ஜேபிக்2 என்ற சுருக்க முறையின் இழப்பு வகையை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். அது ஒன்றுபோல இருக்கும் உருவங்களைத் தேடி, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கிறது. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள் ஸ்கேன் செய்த தாள்களில் எண்கள் மாறியிருந்ததை வெளிப்படுத்தினார்; 6 இருந்த இடத்தில் 8. மங்கலாகவோ கலங்கலாகவோ இல்லை, தெளிவான அச்சில் தவறான எண். பத்திரத்தில் ஒரு சர்வே எண் அப்படி மாறினால் யார் கண்டுபிடிப்பது?

பிடிஎஃப்புக்குள் தமிழில் தேட முடியுமா?

முடியும். 'ஓசிஆர்மைபிடிஎஃப்' என்ற கருவி, படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்க்கிறது. உள்ளே வேலை செய்வது டெசராக்ட் என்ற எழுத்துணரி நிரல். தமிழுக்கான தரவை 'டிஏஎம்' என்ற மொழிக் குறியீட்டில் தனியாக நிறுவ வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த தாளுக்கு இரண்டு குறியீடுகளையும் கூட்டல் குறியால் இணைத்துக் கொடுங்கள். இது இயல்பாக பிடிஎஃப் ஏ என்ற காப்பக வடிவத்தில் எழுதும். படங்கள் துளியும் மாறக் கூடாது என்றால் 'அவுட்புட் டைப்' தேர்வில் பிடிஎஃப் என்று சொல்லிவிடுங்கள்.

நல்ல புதிய அச்சில் தேடுவதற்குப் போதுமான அளவு சரியாக வரும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்திய அச்சில், கொம்பு வளைந்த பழைய ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா வடிவங்களில் தடுமாறும். கையெழுத்துக்கு இது உதவவே உதவாது. ஆனாலும் நான் எல்லாவற்றுக்கும் இதை ஓட்டிவிடுகிறேன். எழுத்து அடுக்கில் பாதி பிழை இருந்தாலும் மீதிப் பாதியில் ஓர் ஊர்ப்பெயர் அகப்படும்.

எழுத்துணர்தல் மெதுவான வேலை. இந்தக் கருவி கணினியின் எல்லா உட்கருக்களையும் தானே எடுத்துக்கொள்கிறது. எனவே 'எக்ஸ்ஆர்க்ஸ்' வைத்துப் பல பிடிஎஃப்களை ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகம் கூடாது. கணினி சூடாவதுதான் மிச்சம்.

எல்லாப் பக்கமும் வந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கண்ணால் புரட்டிப் பார்ப்பதற்கு முன் கணினியையே எண்ண விடுங்கள். 'பிடிஎஃப்இன்ஃபோ' பக்க எண்ணிக்கையைச் சொல்லும். கோப்புறையில் இருக்கும் படங்களின் எண்ணிக்கையோடு ஸ்கிரிப்டிலேயே ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் பட்டியலிடச் செய்யுங்கள். 'கியூபிடிஎஃப்' கருவியின் செக் தேர்வு கோப்பின் உள்ளமைப்பைச் சோதிக்கும்.

படம் மாறவில்லை என்பதையும் நிரூபிக்கலாம். 'பிடிஎஃப்இமேஜஸ்' கருவிக்குச் சிறுகோடு ஆல் கொடுத்துப் பக்கங்களை மீண்டும் படங்களாக வெளியே எடுங்கள். ஒன்றை மூலப் படத்தோடு 'சிஎம்பி' கட்டளையால் ஒப்பிடுங்கள். ஜேபெக் படமாக இருந்தால் அது எதுவும் சொல்லாமல் முடியும். பைட் பைட்டாக ஒன்று என்று பொருள். இமேஜ்மேஜிக் வழியாகச் செய்த பிடிஎஃப்பில் இதையே செய்து பாருங்கள், வேறுபாடு காட்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும், ஸ்கேன் செய்யும்போதே இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். சென்னையின் ஈரக் காற்றில் பழைய தாள்கள் ஒட்டிக்கொள்வது சகஜம். அச்சிட்ட பக்க எண்ணைக் கடைசித் தாளில் பார்த்துச் சரிபார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

குடும்ப ஆவணங்களைப் பகிரும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஐஎம்ஜி2பிடிஎஃப் படத்தை அப்படியே உள்ளே வைக்கிறது என்றேன். அப்படியே என்றால், கைப்பேசி அதில் பதிந்து வைத்த இருப்பிடத் தகவலும் சேர்த்துத்தான். பிடிஎஃப்பைப் பெறுகிறவர் படத்தை வெளியே எடுத்து, அது எந்த வீட்டில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்துவிட முடியும். 'எக்சிஃப்டூல்' கருவியால் நகல்களிலிருந்து ஜிபிஎஸ் பகுதியை மட்டும் நீக்குங்கள். எல்லாத் தகவலையும் நீக்கினால் திசைக் குறிப்பும் போய்ப் பக்கங்கள் படுத்துவிடும்.

கடவுச்சொல் வேண்டுமென்றால் 'கியூபிடிஎஃப்' கருவியின் 'என்கிரிப்ட்' தேர்வில் 256 பிட் வலுவோடு கொடுக்கலாம். கட்டளையிலேயே தட்டிய கடவுச்சொல் ஷெல்லின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். 'ரீட்' கட்டளைக்குச் சிறுகோடு எஸ் கொடுத்து, ஸ்கிரிப்ட் கேட்கும்போது தட்டுங்கள்.

பழைய இதழ்த் தொகுப்பு முழுவதையும் ஸ்கேன் செய்து வெளியிடலாமா?

முதலில் அது ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தேடித் தேடிச் சேர்த்த அச்சு நூல்களிலிருந்து உருவான நூலகம் அது. அவர்களிடம் இல்லாத இதழ் உங்கள் கையில் இருந்தால், ஸ்கேன் செய்வதற்கு முன் அவர்களிடம் பேசுவது நல்லது. தாளைக் கையாளும் பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளியிடுவதைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. ஓர் இதழில் பலர் எழுதியிருப்பார்கள். ஒவ்வொருவரின் கணக்கும் தனி.

படங்கள் பல ஆயிரம் இருக்கின்றன. 'ஆர்க்யூமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்கிறது.

ஒரு கட்டளைக்குக் கொடுக்கக்கூடிய பெயர்களின் மொத்த நீளத்துக்கு வரம்பு உண்டு. தமிழ்ப் பெயர்கள் அந்த வரம்பை மூன்று மடங்கு வேகத்தில் தொடும். ஐஎம்ஜி2பிடிஎஃப் நிரலுக்கு 'ஃப்ரம் ஃபைல்' என்ற தேர்வு இருக்கிறது. பூச்சிய பைட்டால் பிரித்த பெயர்ப்பட்டியலை அது கோப்பிலிருந்து படித்துக்கொள்ளும். 'ஃபைன்ட்' கட்டளையின் பிரின்ட்0 தேர்வால் பட்டியலை எடுத்து, 'சார்ட்' கட்டளைக்குச் சிறுகோடு இசட், பெரிய எழுத்து வி இரண்டையும் கொடுத்து வரிசைப்படுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்ட் உபுண்டுவில் 'பேட் இன்டர்பிரட்டர்' என்று நிற்கிறது.

விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கிறது. லினக்ஸ் ஒன்றை மட்டும் எதிர்பார்க்கிறது. மிச்சமிருக்கும் குறி பேஷ் என்ற பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. 'டாஸ்2யுனிக்ஸ்' கருவியை ஒரு முறை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். பிறகு 'சிஎச்மாட்' கட்டளையால் இயக்க அனுமதி கொடுத்து, இரண்டே கோப்புறைகளின் நகலை வைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள்.